ஓராண்டு உரிமம்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை அலுவலகத்து மெஷின் காப்பியிலேயே பொழுதை ஓட்டுகிறீர்களா?

"இந்தக் காலத்துல யாரு தாள்ல லெட்டர் எழுதுறா?" என்று அண்ணி சிரிக்கிறார். போனைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. எதைத் திறந்தாலும் அதே விளம்பரம். தொட்டில் போயிற்று, கிலுகிலுப்பை போயிற்று, இப்போது பல் முளைக்கிற குழந்தை கடிப்பதற்கு ரப்பர் வளையம். கர்ப்ப காலத்தில், வாரக் கணக்குச் சொல்லும் அந்தச் செயலியில் பிரசவத் தேதியைப் பதிந்தது நான்தான். தேதியை மட்டும்தான் கேட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. செயலியை அழித்துவிட்டேன். அது என்னை விடுவதாக இல்லை.

இங்கே அண்ணன் வீட்டில் மாடி அறையில் உட்கார்ந்து பாடநூலுக்குப் பிழை திருத்துகிறேன். போன வாரம் ஒரு சொல்லைச் சரிபார்க்க அகராதிப் பக்கத்தைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு குழந்தை வாயைத் திறந்து சிரிக்கிறது. அதற்குப் பிறகு என்ன படித்தேன் என்று எனக்கே தெரியாது. 'நுரையீரல்' என்பது றகரத்தோடு அச்சுக்குப் போய்விட்டது. பதிப்பக மேலாளர், "உடம்பு முடியலன்னா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கங்கம்மா" என்றார். வேறு ஆள் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இலவசமாகக் கிடைக்கிற விளம்பரத் தடுப்பான் பாதியைத்தான் தடுக்கிறது. காசு கட்டி உரிமம் வாங்கினால் எல்லாமே நின்றுவிடும் என்கிறார்கள். அலுவலகத்தில் அத்தனை கணினியையும் கட்டி மேய்க்கிறவர் நீங்கள். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 11

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! உறையைக் கிழிக்கவே மனம் வராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத விஷயம் இது. இலவசத் தடுப்பான் உலாவியில் வருவதை மட்டும் தடுக்கும். மற்ற செயலிகளுக்குள் வருவதை விட்டுவிடும். காசு கட்டினால் போன் முழுக்கக் காவல் நிற்கும், உண்மைதான். ஆனால் நீ பார்ப்பது, படிப்பது எல்லாம் அவன் வாசல் வழியாகத்தான் போய் வர வேண்டும். யாரோ ஒரு கம்பெனிக்காரனை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி. உரிமம் ஓராண்டுக்குத்தான். அப்புறம் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில பக்கங்கள் சரியாகத் திறக்காது. எங்கள் அலுவலகத்திலும் இதே கேள்வி வந்தது. கொடுக்கிற காசுக்குத் தகாது என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

அதனால் வேண்டாம். கொஞ்ச நாள் பொறு. நீ அதைத் தொடாமல் இருந்தால் தானாகவே நின்றுவிடும்.

வீட்டில் குழாய் ஒழுகுகிறது. சரி செய்ய ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். உன் மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

என்றும் அன்புடன்,
உன்னவன்


மே 20

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் சந்திப்பிழை. அதைத் திருத்திச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பொறுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. வளையம் போய் ஸ்பூன் வந்தது, ஸ்பூன் போய் இப்போது செருப்பு. நடை பழகும் குழந்தைக்கு, மிதித்தால் கீச்சென்று கத்துமாம். நேற்று அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அதுதான் அதிக அவமானமாக இருந்தது.

அண்ணன் போனை வாங்கி, விளம்பரத்தின் ஓரத்தில் இருந்த சின்னக் குறியைத் தொட்டார். இது ஏன் உங்களுக்கு வருகிறது என்று அதுவே சொல்கிறது. இந்தக் கணக்கிலிருந்து நேற்று குழந்தைச் செருப்புகளைத் தேடியிருக்கிறார்களாம். "நேத்து நீயா பாத்த?" என்றார் அண்ணன். "பைத்தியமா எனக்கு?" என்றேன்.

பிறகுதான் உறைத்தது. கல்யாணமான புதிதில் ஒரே கணக்காக இருக்கட்டும் என்று உங்கள் போனிலும் என் போனிலும் நீங்களே போட்டுக் கொடுத்தது. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

தேடுவது யார்?

நான்


மே 27

அன்புள்ள வாயாடிக்கு,

நான்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்வர் அறையில் உட்கார்ந்து பார்ப்பேன். அங்கே குளிர் அதிகம், யாரும் வர மாட்டார்கள். முதலில் தானாகத்தான் வந்தது, அந்தக் கிலுகிலுப்பை. மூடப் போனேன். விரல் போகவில்லை.

என் அம்மா நம் மகளைப் பற்றி வாயே திறப்பதில்லை. அலுவலகத்தில், "அடுத்தது நல்லபடியா பொறக்கும் சார், கவலப்படாதீங்க" என்கிறார்கள். எல்லாருக்கும் அவள் முடிந்துபோன விஷயம். இந்த விளம்பரம் ஒன்றுதான், உங்கள் குழந்தைக்கு இப்போது ஒன்பதாம் மாதம், பத்தாம் மாதம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. பார்க்காமல் விட்டால் இதுவும் மறந்துவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் நானே தேட ஆரம்பித்தேன். ஸ்பூன், செருப்பு, எது அவளுக்குச் சரியாக இருக்கும் என்று பார்ப்பேன். வாங்கியதில்லை.

உனக்கும் அது வரும் என்று தெரியாதா என்று கேட்பாய். தெரியும். நான் செய்கிற வேலையே அதுதானே. தெரிந்துதான் வேண்டாம் என்று எழுதினேன். உன் போனில் மட்டும் அந்தத் தடுப்பானைப் போட்டிருக்கலாம். ஆனால் நான் பார்க்கிற அதே செருப்பை நீயும் அங்கே பார்க்கிறாய் என்ற நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. நீ போன பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிற ஒரே பொருள் அதுதான்.

நாளைக்கே உரிமம் வாங்கிவிடுகிறேன். இரண்டு போனுக்கும். நீ வா. திட்டுவதற்காகவாவது வா.

உன்னவன்


ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

உரிமத்தை நானே வாங்கிவிட்டேன். கணக்கையும் பிரித்துக்கொண்டேன். கொடுத்த காசுக்குத் தகும். நேற்று ஒரு முழு அத்தியாயத்தையும் தலை நிமிராமல் படித்து முடித்தேன். உங்கள் போனில் என்ன வருகிறது என்பது இனி உங்கள் பாடு. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

சேர்ந்து பார்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்கள். எனக்கு ஒவ்வொன்றும் அடி.

மருத்துவமனையில் நான் மயக்கத்தில் இருந்தேன் என்றுதான் நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் கேட்டது என் காதில் விழுந்தது. "அம்மாகிட்ட ஒரு தடவ காட்டட்டுமா சார்?" நீங்கள் சொன்னீர்கள், "வேணாம் சிஸ்டர். அவ தாங்க மாட்டா." எனக்கு வாய் எழவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தேன், ஊசி குத்தி வைத்திருந்த கை. நீங்கள் இரண்டு பேரும் நடந்து போகிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவுச் சத்தம்.

விளம்பரத்தைப் பார்க்கும்போது, அந்தச் செருப்புக்குள் வைத்துப் பார்க்க உங்களுக்கு ஒரு கால் இருக்கிறது. எனக்கு வெறும் செருப்புத்தான் இருக்கிறது. நீங்கள் யோசித்ததே இல்லையா? நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று இரண்டு தடவையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

நான் அங்கே திரும்பி வர மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் போனபின் எழுதலாம் என்று காத்திருந்துதான் எழுதுகிறேன். என் துணிமணிகளை எடுத்துக்கொள்ள அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவார். அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் எப்படி இருந்தாள்? அதை மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு எழுத வேண்டாம்.

நான்


ஜூன் 15

அவள் அம்மாவுக்கு,

தலை நிறைய முடி. ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழுதடு உன்னுடையது. நீ யோசிக்கும்போது உள்ளே மடித்துக்கொள்வாயே, அப்படி மடித்து வைத்திருந்தாள். இடது காதின் நுனி மடங்கியிருந்தது. விரலால் நிமிர்த்திவிட்டேன், மறுபடியும் மடங்கிக்கொண்டது. நகம் நன்றாக வளர்ந்திருந்தது. பாதம் நீளம், அது என் பக்கம்.

கண் மூடியிருந்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் எல்லாமே மாறிப்போனது மாதிரி இருந்தது. "அது அம்மாவோட சூடு சார்" என்றாள் நர்ஸ். அந்தச் சூடு ஆறுகிறவரைக்கும் நான் அவளைக் கீழே வைக்கவில்லை.

அவள் அப்பா