மூன்றாம் நம்பர் மெஷினின் நடை

செவ்வாய், மதியச் சாப்பாட்டு நேரம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

இதை உங்கள் அறைத்தோழர் டிரைவர் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து இன்று சாயங்காலம் கிளம்புகிறார். நாளைக் காலை உங்கள் கைக்கு வந்துவிடும். தினமும் பேசுகிற போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று புருவத்தைத் தூக்காதீர்கள். போனில் கேட்டால் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் நான் நம்பிவிடுவேன், பதினாறு வருடப் பழக்கம்.

மகள் கணக்கில் தேறிவிட்டாள். ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை வீட்டுக்காரர் ஒருவழியாக மாற்றிக் கொடுத்தார். நல்ல சேதி இவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை, கம்பெனியில் தைத்து வந்த சட்டைகளை மேஜையில் பரப்பிப் பிசகு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். நடுவில் போனை எடுத்து, அடியையும் துடிப்பையும் எண்ணுகிற உங்கள் கைப்பட்டை என்ன அனுப்பியிருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு மணியிலிருந்து நாலாயிரம் அடி நடந்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே, நெஞ்சுத் துடிப்பு காட்ட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. உடனே உங்களைக் கூப்பிட்டேன். என்னடி இந்த நேரத்துல என்று சாதாரணமாகக் கேட்டீர்கள். சும்மாதான் என்று வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் ஐந்து நிமிடம் நின்றேன்.

போன உயிர் திரும்பி வந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. நடக்கிற மனுஷனுக்கு நெஞ்சு துடிக்காமல் இருக்குமா? பழைய நாட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நாள் முழுக்கத் தையல் பிசகு தேடுகிறவளுக்கு இது பெரிய வேலை இல்லை. மூன்று வாரமாக, வேலை நாள் தவறாமல், இரண்டிலிருந்து நாலு மணிவரை துடிப்பே இல்லாமல் நடந்திருக்கிறீர்கள். முதுகு வலி பத்துக்கு எத்தனை என்று நீங்கள் தினமும் அதில் போடுகிற எண்ணும் அப்படித்தான். முன்பெல்லாம் எட்டு, ஆறு, ஏழு, நாலு என்று ஏறி இறங்கும். இந்த மூன்று வாரமும் இரண்டு, இரண்டு, இரண்டு. எந்த வலி இப்படி அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும்?

நேற்று டிரைவர் தம்பி சொல்லிக்கொண்டு போக வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அப்புறம், அண்ணன் அதைக் கழட்டி மூணாம் நம்பர் மெஷின் கைப்பிடியில மாட்டிட்டுத்தான் உட்காருவாரு அக்கா, அது ஆடுற ஆட்டத்துல அடி தானா ஏறிடும் என்றார். ஓட்டல் போர்வைகளைத் துவைக்கிற மெஷினுக்கு நடைப்பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவர் உங்கள் செருப்பைப் பற்றிச் சொல்லும்வரைதான் அந்தச் சிரிப்பு.

இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்குமாம், நீங்கள் அதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு போய்க்கொண்டே இருப்பீர்களாம். அறையில் எல்லோரும் கேலி செய்வார்களாம். இன்று வேலைக்கு வரும் வழியில், உங்களுக்கு அந்தப் பட்டையைக் கட்டிவிட்ட பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். என்னோடு வேலை பார்க்கிற ஒருத்திக்கு இப்படி என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். முதுகு வலிக்காரருக்குப் பாதம் மரத்துப்போனால் நரம்பு நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதத்தைத் தூக்கவே முடியாமல் போகலாம், நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள் என்றார். அதோடு விடவில்லை. உங்க வீட்டுக்காரர் எண்ணெல்லாம் பிரமாதம், திங்கட்கிழமையிலிருந்து எடை தூக்கச் சொல்லப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். மெஷின் நடந்ததற்கு உங்கள் முதுகு எடை தூக்குமா? கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வலி ஏழுக்கு மேல் மூன்று நாள் நின்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று பேசித்தான் உங்களை அனுப்பினேன். உங்களுக்கு வருவதற்குப் பயம். எட்டு மாதம் நீங்கள் படுத்துக் கிடந்தபோது, ஒருநாள் வேலை முடிந்து வந்த எரிச்சலில், கட்டிலுக்கு அஞ்சாவது காலா ஆயிட்டீங்க என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். கொஞ்சம் நடக்க முடிந்ததுமே இந்த வேலைக்கு எழுதிப் போட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரித்ததையும் நான் நம்பினேன். அது சொல்லக் கூடாத சொல். சொன்ன நாளிலிருந்து எனக்கே உறுத்துகிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பட்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் உள்ளதை உள்ளபடி போட்ட மாதங்களில்தான், வாசல்வரை வர முடியாத உங்களை அது பஸ் ஸ்டாப்வரை நடத்திக் கூட்டிப்போனது. திரும்பக் கையில் கட்டுங்கள். முந்நூறு அடியே ஆனாலும் உங்கள் கால் நடந்ததாக இருக்கட்டும். நாளைக் காலை டிரைவர் தம்பி வண்டியோடு நிற்பார், உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் விடமாட்டேன் என்று எனக்குப் போனில் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரிடமும் சிரித்து மழுப்பாதீர்கள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தனுப்பலாமா என்று மகள் கேட்டாள். செருப்பில் குறை இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் அதுவும் இந்தக் கடிதத்தோடு பையில் இருக்கிறது.

நாளை மதியம் இதே நேரம் இதே பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறப்பேன். வலி ஒன்பது என்று இருந்தால் பயப்படமாட்டேன். சாப்பிட்டு முடித்து, அரைநாள் லீவு சொல்லிவிட்டு, உங்கள் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட வீட்டுக்குப் போவேன். இரண்டு என்று இருந்தால் மட்டும் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் எண்ணுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி