ஜெகதீஸ்வரனைக் கேட்காமல்

திருச்சுழி,
ஐப்பசி 12.

அன்புள்ள நவநீதகிருஷ்ணனுக்கு,

கோட்டைச்சாமி எழுதுவது. நீயும் தங்கலட்சுமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபத்தில் எழுதும் கடிதத்தையும் நலம் விசாரிக்காமல் தொடங்க எனக்கு வரவில்லை. பந்தல்குடிப் பக்கம் பெய்த மழை இங்கே எட்டவில்லை. குதிரைவாலி விதைத்தவர்கள் மறுபடி விதைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவேன். விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். உண்டு என்றே படுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்திருக்கிறது. மகன் ஜெகதீஸ்வரன் எடுத்திருக்கிறான். நீ தேர்வுக் குழுவில் இருக்கிறாயே, அந்த அறக்கட்டளையின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். ரேணுகாதேவிக்கு மூன்று வருட ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொன்னாளாம். பேசுவது அண்ணன் என்று தெரிந்ததும், ஆண்டு மலரில் போட அண்ணனும் தங்கையும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டும் என்றாளாம். டாக்டர் சார் உங்கள் நோயைப் பற்றிச் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, போனை மேசைமேல் வைத்துவிட்டு அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நவநீதம், கல்லூரியில் படிக்கும்போது அவனுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து நீதான் வைத்தியம் பார்க்கிறாய். ஒரு பைசா வாங்கியதில்லை. அந்த நன்றிதான் இத்தனை நாளும் என் வாயைக் கட்டிவைத்திருந்தது. ஆனால் காசு வாங்காமல் பார்த்த நோய் டாக்டரின் சொத்தாகிவிடுமா? உரக்கடையில் அவனோடு வேலை செய்யும் மாரிக்கண்ணன்கூட அவன் தினமும் போடும் மாத்திரையைச் சர்க்கரை நோய்க்கு என்றுதான் நினைத்திருக்கிறான். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது ஒன்றுதான் இந்த நோய் அவனுக்கு விட்டுவைத்த அதிகாரம். அதை நீ ஒரு மேசையில் எடுத்து வைத்து விலை பேசிவிட்டாய்.

உன் எண்ணம் நல்லது என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ரேணுகா இந்தப் பணத்துக்காக எங்கெல்லாம் அலைந்தாள் என்பது உனக்குத் தெரியும். அரசு நிதிக்கு எழுதினால் நிரந்தர வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலைக்குப் போனால் சொந்தமாக நிதி வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து தருகிறவர்களுக்கு ஏதாவது ஒரு நிறுவனம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மூளை ஆராய்ச்சிக்கு இந்த வறண்ட காட்டில் என்ன வேலை என்று அந்த நிறுவனங்கள் சிரித்தன. இடையில் வயது வரம்பும் தாண்டிவிட்டது. அவள் கேட்பது பெரிய கேள்வியில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் மனம் பேதலித்த பிள்ளை டாக்டரிடம் வந்து சேர ஏன் இவ்வளவு காலமாகிறது, அதற்குள் மூளையில் என்ன நடந்துவிடுகிறது என்பதுதான். அதற்காக வீடு வீடாகப் போகிறாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று விளக்கி, சம்மதக் கையெழுத்து வாங்காமல் எந்த வீட்டிலும் ஒரு கேள்வி கேட்டதில்லை. யார் பெயரையும் வெளியே சொன்னதில்லை.

அவளைத்தான் நீ இப்படித் தேர்ந்தெடுக்க வைத்திருக்கிறாய். வீரசோழன் கிராமத்தில் வேலை முடிந்து அவள் வந்ததும் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். நேர்காணலில் அவள் எழுதிய திட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எல்லாம் அண்ணனைப் பற்றித்தானாம். "என் திட்டத்தப் படிச்சுத் தந்தாகளா, அண்ணனப் பாத்து இரக்கப்பட்டுத் தந்தாகளா, எப்படிப்பா நான் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டாள். அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத இந்த மாதக் கடைசிவரை அவளுக்கு நேரம் இருக்கிறது. இன்னும் எழுதவில்லை.

பெற்றவள் பொன்னுத்தாய் என்னைத்தான் திட்டுகிறாள். "போன மானம் போயிருச்சு, வார பணத்தையும் எதுக்கு விடணும்? மானத்துக்கு ரசீதா தரப் போறாக?" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்தப் பணம் போனால் ரேணுகாவுக்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். நான் விதைச் சான்றுத் துறையில் இருந்தபோது என் அண்ணன் சுப்புராஜ் நிலத்து விதைக்கு ஒருநாளும் நான் சான்று கொடுத்ததில்லை. பக்கத்து வட்டத்து அலுவலரைத்தான் வரச் சொல்வேன். அண்ணன் அதற்காக என்னோடு பேசாமல்கூட இருந்தார். ரேணுகா விண்ணப்பித்தபோது, நீயும் அப்படி விலகிக்கொள்வாய் என்று நினைத்தேன். அந்த வேலையை இப்போதாவது செய். ஜெகதீஸ்வரன் நோயைப் பற்றித் தெரிவிக்க எனக்கு அனுமதி இல்லை, தவறு என்னுடையது என்று அறக்கட்டளைக்கு எழுது. மலரில் ஒரு வரிகூட வரக் கூடாது என்று சொல். அவள் திட்டத்தை அவளை அறியாத வேறு ஆட்கள் படிக்கட்டும். நல்ல விதை என்றால் முளைக்கும். இல்லையென்றால் அதையும் தாங்கிக்கொள்வாள்.

ஜெகதீஸ்வரன் உன்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது, "டாக்டர் மாமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ப்பா. தங்கச்சிக்காகன்னா நானே சொல்லச் சொல்லியிருப்பேன்ல" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கும் கடைக்குப் போய் மூட்டைக்கு எடை போட்டான்.

அதனால் அறக்கட்டளைக்கு எழுதிவிட்டு நேரில் வா. அருப்புக்கோட்டையில் இறங்கினால் திருச்சுழி பஸ் இருக்கிறது. வீட்டுக்கு வருவதற்கு முன் கடைக்குப் போ. பேச வேண்டியது என்னிடம் இல்லை, அவனிடம். பிறகு வீட்டுக்கு வா, பொன்னுத்தாய் சாப்பாடு போடுவாள். உன் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன் நண்பன்,
கோட்டைச்சாமி.

பின்குறிப்பு: இதை ஜெகதீஸ்வரனிடம் படித்துக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டேன். உனக்கு மனசு நோகும் என்று ஒரு வரியை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.