பாதாம் மரத்துக்கு ஒரு டிக்கெட்

அன்பு மகள் பில்யானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், கடை சுகம், உன் அப்பாவும் முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். பனி விட்டால் முழங்காலும் சரியாகிவிடும் என்கிறார், பனிதான் விடமாட்டேன் என்கிறது. நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை, வெள்ளிக்கிழமை போனில் நீ மூக்கை உறிஞ்சிய சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நான் ஒரு யோசனை சொல்ல வாயைத் திறந்தால் 'நீ சும்மா இரும்மா, இது உன் நூல் கடை இல்ல, பல்கலைக்கழகம்' என்று போனை வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பார், அப்படியே வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

முதலில் சரக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன். அழுகைக்கு நடுவே நீ முன்னும் பின்னுமாகச் சொன்னதை நான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். சுகாதாரக் கல்லூரியில் மாணவர் உதவி அறை என்று போர்டு மாட்டி உன்னை உட்காரவைத்தார்கள், மார்ச்சு முடியும்வரை சோதனைக் காலம், அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம். பிப்ரவரி முழுக்க ஒரு பிள்ளையும் உன் கதவைத் தட்டவில்லை. நீ என்ன செய்தாய், நம் கடையிலிருந்து ஒரு பை நிறைய மார்ச்சுக் கயிறு வரவழைத்து, முதல் தேதி காலையில் கல்லூரி வாசலில் நின்று, வருகிற நர்ஸ் பிள்ளை, மருத்துவச்சிப் பிள்ளை எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் கட்டிவிட்டாய். அன்றிலிருந்து உன் அறையில் உட்கார நாற்காலி இல்லை. வியாபாரம் என்றால் இதுதான், நூல் கடை இல்லை என்று இனி சொல்லாதே. ஆனால் அந்தப் பிள்ளைகள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வார்டுக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும், வார்டில் முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல், நூல் ஒன்றும் இருக்கக் கூடாது. இதை நீ யோசிக்கவில்லை. நாரையோ பூத்த மரமோ கண்ணில் பட்ட பிறகுதான் அந்தக் கயிற்றைக் கழற்றிக் கிளையில் கட்ட வேண்டும், அதற்கு முன்னால் கழற்றினால் வருஷமே கெட்டுப்போகும் என்பது நம் நாட்டில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும், அதையும் யோசிக்கவில்லை. உங்கள் பயிற்சித் தலைவி கராஜோவா மேடம் ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்து, 'கட்டினது நீதானே, வெட்டறதும் நீயே வெட்டு. கயிறோட வர்ற ஒருத்தியும் வார்டு வாசல் மிதிக்க முடியாது' என்றாளாம். அவள் சொன்னதில் தப்பில்லை, நோயாளி வயிற்றைத் தொடுகிற கையில் என் நூலுக்கு என்ன வேலை.

பிள்ளைகள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அதில் பாதி விளையாட்டு. நெவேனா மட்டும் விளையாடவில்லை என்று சொன்னாய். போன வருஷம் வார்டுக்காகக் கயிற்றை வெட்டினாளாம், அதே வாரம் அவள் அப்பா கூரையிலிருந்து விழுந்து கால் உடைந்ததாம். அவரைப் பார்த்துக்கொள்ளப் போய் விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை அவள் வார்டில் நிற்காவிட்டால் இந்த வருஷப் படிப்பே போச்சு. நீ கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவும் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு நம் மலைமேல் இருக்கிற அவள் ஊருக்கே வந்துவிட்டாள். அதற்கு முன்னால் நீ செய்து பார்த்த வைத்தியத்தைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் நாரை பறக்கிற படத்தைப் போட்டு 'பாத்தாச்சு இல்ல, கழட்டுங்க' என்றாயாமே! அடியே, கம்ப்யூட்டரில் ரொட்டியைக் காட்டினால் பசி அடங்குமா. பிறகு அவளை உட்காரவைத்து 'உன் உணர்வு எனக்குப் புரியுது' என்று வேறு சொன்னாயாம். இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் உன்னைத் தலைநகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களா. என் கடையில் ஒருத்தி வந்து காலுறையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றால் அவளுக்குக் காலுறை வேண்டாம் என்று அர்த்தம். நான் ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டு பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா ஒரு துண்டு கொடுப்பேன், தின்று முடிப்பதற்குள் என்ன வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள். உன்னிடம் விடுதிச் சாவி தொலைந்தது என்று வருகிறவளுக்கும் சாவி வேண்டியிருக்காது. புரிகிறது புரிகிறது என்று சொல்லாதே, தின்ன ஏதாவது வை.

இனி நான் செய்த காரியத்தைக் கேள். இந்த வருஷம் இங்கே தெற்கிலேயே ஒரு மொட்டுகூட விடவில்லை, நாரைகள் இன்னும் கிரேக்க எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஆனால் வெள்ளரிக்காய் ஸ்பாஸ் அவன் கண்ணாடிக் கொட்டகை வாசலுக்கு உள்ளே தொட்டியில் ஒரு குட்டிப் பாதாம் மரம் வைத்திருக்கிறான் தெரியுமா, உன் தோள் உயரம் இருக்கும். உள்ளே அடுப்புச் சூடு, அதனால் அது வெட்கமே இல்லாமல் பூத்துக் கொட்டுகிறது. விலைக்குக் கேட்டேன். 'அது என் ராசி மரம், அதை விக்கறதுக்கு என் மாமியாரை வித்துடுவேன்' என்றான். மாமியார் எனக்கு வேண்டாம், மரத்தை இரவல் கொடு என்றேன். யோசித்து யோசித்து ஒரு நிபந்தனை போட்டான். அவன் வெள்ளரிக்காய் கசக்கிறது என்று நான் சந்தையில் சொல்லிக்கொண்டிருப்பதை இன்றோடு நிறுத்த வேண்டுமாம். நிறுத்திவிட்டேன் மகளே. கசக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் உனக்காக நிறுத்திவிட்டேன்.

மரத்தைக் கடைக்குக் கொண்டுவந்து வைத்ததுமே சந்தையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. கண்ணாடிக்குள் பூத்த பூ செல்லாது, அது அடுப்பு பூக்கவைத்தது, வசந்தம் பூக்கவைக்கவில்லை என்று மீன்காரர்கள் ஒரு கட்சி. பக்கத்துக் கடை வேலிகாவைக் கூப்பிட்டேன். இப்போது தேன் விற்கிறாள் என்றாலும் அவள் ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள், கை கழுவுவதிலும் கண்டிப்பு, சகுனத்திலும் கண்டிப்பு, இரண்டையும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் வைத்திருக்கிறாள். முதலில் உன்னைத்தான் திட்டினாள். 'நாங்கல்லாம் கணுக்கால்ல கட்டிக்குவோம், சாக்ஸுக்குள்ள யார் பாக்கறா? மணிக்கட்டுல கட்டிவிட்டது உம் பொண்ணோட அதிமேதாவித்தனம்' என்றாள். அது கிடக்கட்டும், மரம் செல்லுமா செல்லாதா அதைச் சொல்லு என்றேன். அவள் மரத்தைச் சுற்றி வந்தாள், வேரை விரலால் கிளறிப் பார்த்தாள், பூவை மோந்து பார்த்தாள், கிளைக்குள்ளே ஒரு தேனீயைக் கண்டுபிடித்தாள். அவ்வளவுதான். 'தேனீயே ஏமாறல, நீங்க யாருடா செல்லாதுன்னு சொல்றதுக்கு' என்று மீன்காரர்களைப் பார்த்து ஒரு போடு போட்டுவிட்டு, தன் கயிற்றைக் கழற்றி மேல் கிளையில் கட்டினாள். நானும் என்னுடையதைக் கழற்றிக் கீழ்க்கிளையில் கட்டினேன். போணி ஆகிவிட்டது. மீன்காரர்களும் வரிசையில் வந்தார்கள், ஈரக் கையோடு தொடாதே போ என்று விரட்டிவிட்டேன், உன் பிள்ளைகளுக்குக் கிளை மிஞ்ச வேண்டாமா.

வடக்கே உன் ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில்தான் மரம் வருகிறது. சாமான் அறையில் போட்டால் வந்து சேரும்போது விளக்குமாறாக இருக்கும், அதனால் சீட்டு வாங்கப் போனேன். மாணவர் சலுகை போடு என்றேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்து 'மரத்துக்கா அக்கா?' என்றான். கல்லூரிக்குத்தானே போகிறது என்றேன். 'அடையாள அட்டை எங்க?' என்றான். இப்போதுதான் சேருகிறது, இன்னும் கொடுக்கவில்லை என்றேன். சிரித்துச் சிரித்துச் சலுகை போட்டுவிட்டான், ஆனால் ஜன்னல் சீட்டு கிடையாதாம். நான் விடவில்லை, ஜன்னல்தான்.

வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்றால், உன் அறை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வை, வைத்துவிட்டு உள்ளே போய்விடு. பக்கத்தில் நின்று பேச்சு ஒன்றும் பேசாதே, நோட்டீஸ் ஒட்டாதே, எவளையும் கையைப் பிடித்து இழுக்காதே. கராஜோவா மேடத்திடம் மட்டும் முன்னாடியே போய்ச் சொல்லிவிடு, வாசலில் மரத்தைப் பார்த்து அவள் திடுக்கிட்டால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். வெட்டு என்று சொன்னவளுக்குக் கயிறு போனால் சரி, எப்படிப் போனது என்று கேட்கமாட்டாள். அவள் சட்டைக்கு உள்பக்கமும் ஒரு கயிறு குத்தியிருப்பாள், பந்தயம் கட்டுகிறேன், அவளும் நம் நாட்டுக்காரிதானே. நெவேனா விஷயம்தான் எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போவதென்றால் அவளுக்கும் இந்தப் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை, நம் நிலையத்தில் நின்றுதான் போகும். நாளைக்கு நான் அங்கே இருப்பேன். கடிதத்தை இப்போதைக்கு மூடாமல் வைக்கிறேன்.

ஞாயிறு. பஸ் நிலையத்தில் நின்று, மரத்தொட்டியின் விளிம்பில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள். அவள் வந்தாள். பெட்டி இல்லாமல் வந்தாள். அப்பா ஊன்றுகோலோடு பின்னால் வந்தார், முகம் கடுகடு என்று இருந்தது. அவள் நேரே டிரைவரிடம் போய் விடுதிச் சாவியை ஒரு கவரில் போட்டு நீட்டி, கல்லூரியில் பில்யானா அக்காவிடம் கொடுத்துவிடச் சொன்னாள். அதாவது உனக்கு ராஜினாமா, டிரைவர் மூலமாக. அப்பா பின்னாலிருந்து 'ஏணிய ஈரத்துல வெச்சது நான்டி, கயிறு என்னடி பண்ணும், ஏறுடி பஸ்ஸுல' என்று கத்துகிறார். அவள் காதிலேயே வாங்கவில்லை. எத்தனை தடவை சொன்னாரோ பாவம், உண்மையைச் சொன்னால் மட்டும் பயம் போய்விடுமா.

நான் மரத்தைத் தூக்க முடியாதவள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு 'ஏம்மா, ஒரு கை பிடியேன், பஸ்ஸுல ஏத்தணும்' என்றேன். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே மலை முழுக்கப் பனி, நிலையத்துக் கூரையில் பனி, நடுவில் இது ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாக நிற்கிறது. 'இது நிஜமா அத்தை?' என்றாள். தொட்டுப் பாரு, காசு கேட்கமாட்டேன் என்றேன். தொட்டாள். வேலிகாவின் கயிற்றைப் பார்த்தாள், என்னுடையதைப் பார்த்தாள். டிரைவர்கூட ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தான், நல்ல பிள்ளை. பிறகு அவள் மணிக்கட்டில் கை வைத்தாள். பதற்றத்தில் சிவப்பு நுனியைப் பிடித்து இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டாள். எனக்குக் கை துறுதுறுத்தது, ஆனால் நீட்டவில்லை. 'வெள்ளைய இழு' என்று மட்டும் சொன்னேன். கழன்று வந்தது. நடுக்கிளையில் அவளே கட்டினாள். அவள் அப்பா மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். அவள் அழவில்லை, டிரைவரிடம் போய் 'அந்தக் கவரைக் குடுங்கண்ணே' என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெட்டி என்று கேட்டால் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார், அதுவரை மாற்று உடுப்பு நீ கொடு. சீட்டுக்கு நான் நேற்றே மரத்துக்குப் பக்கத்து இடத்தையும் சேர்த்து எடுத்து வைத்திருந்தேன், அது எதற்காக என்று உன் அப்பா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் குத்தூசி ரகம் அனுப்புகிறேன், சட்டையில் குத்திவிடு, மணிக்கட்டுப் பக்கம் போகாதே. இராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் காப்பியைக் குடித்துக்கொண்டு கிடக்காதே. கூடையில் பனித்சா இருக்கிறது, நெவேனாவுக்குப் பஸ்ஸிலேயே பாதி கொடுத்துவிட்டேன், மீதியில் கராஜோவா மேடத்துக்கும் ஒரு துண்டு வை. உன் மணிக்கட்டிலும் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எல்லாப் பிள்ளைகளும் கட்டி முடித்த பிறகு கடைசியாக நீ கட்டு. மறக்காமல் ஒன்று. மரம் இரவல், ஈஸ்டருக்கு முன்னால் ஸ்பாஸ் வாசலில் இருக்க வேண்டும். இத்தனை தூரம் அதைத் தனியாக அனுப்ப முடியாது, கவருக்குள் பார், திரும்பி வர இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன், ஒன்று மரத்துக்கு. வேலையை நிரந்தரம் செய்தாலும் அந்த டிக்கெட் செல்லும், வீட்டுக்கு அனுப்பினாலும் செல்லும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கதவைத் தட்டுகிற பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். டிரைவர் இப்போது உண்மையாகவே ஹார்ன் அடிக்கிறான். கடிதத்தை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன், கொண்டுவந்து தருகிறவள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள், நடுக்கிளையில் இருப்பது அவளுடையது.

என்றும் உன் நல்லதையே கணக்குப் போடுகிற,
அம்மா இலின்கா
நூல் கடை, பஸ் நிலையத்துக்கு எதிரே