மூடியில் விளக்குள்ள ஸ்கேனர்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. தங்கள் அண்ணன் காலமானபோது தாங்கள் அனுப்பிய இரங்கல் கடிதம் உரிய நாளிலேயே கைக்குக் கிடைத்தது. பதினான்கு மாதங்கள் கழித்துப் பதில் எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். காரணம் சொல்லப் புகுந்தால் இன்னும் தாமதமாகும்.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் எடுத்த புகைப்படங்கள் ஏறக்குறைய தொள்ளாயிரம். நெகட்டிவ் சுருள்கள் அறுபதுக்கு மேல். இவை தவிர, வீட்டுப் பத்திரம், தண்ணீர் மீட்டர் ஆய்வாளராக அவர் பெற்ற பாராட்டுக் கடிதங்கள் என ஒரு பை நிறையக் காகிதங்கள். சென்ற வாரம் ஒரு பெட்டியைத் திறந்தபோது நெகட்டிவிலிருந்து வினிகர் போன்ற காடி நெடி அடித்தது. அது கெடத் தொடங்கியதன் அறிகுறி என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் படித்து அறிந்தேன். படித்து அறிந்தேன் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், விருந்தினர் நிறைந்திருந்த கூடத்தில், "அண்ணி நாலு எழுத்து படிச்சிருந்தா இந்த வீடு எங்கயோ போயிருக்கும்" என்று தாங்கள் சொன்னதையும், "இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்று நான் சொன்னதையும் இப்போது கிளறும் எண்ணம் எனக்கு இல்லை. நினைவில் இருப்பதால் எழுதினேன், அவ்வளவே.

தாங்கள் ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் பிரிவில் பணிபுரிவதால் கேட்கிறேன். கடையில் மூன்று வகை காட்டினார்கள். காகிதத்தைத் தானே உள்ளே இழுத்துக்கொள்வது ஒன்று. கண்ணாடியின்மேல் வைத்து மூடுவது ஒன்று. மூன்றாவதும் அதே போன்றது, ஆனால் அதன் மூடியிலும் விளக்கு உண்டு. எதை வாங்கலாம்? அவர் எடுத்தவை என் கண்ணெதிரே பாழாவதை நான் விரும்பவில்லை.

இங்ஙனம்,
அண்ணி

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணி,

உங்க எழுத்தை உறையில பார்த்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம உக்காந்துட்டேன். உள்ள பிரிச்சா 'தாங்கள்'. எனக்குப் பின்னாடி பெரிய அதிகாரி யாராவது நிக்கறாங்களான்னு திரும்பிப் பார்த்தேன். அண்ணி, நான்தான். உங்க தையல் மெஷின்ல ஊசியை உடைச்சுட்டுப் பழியைப் பூனைமேல போட்டவ. எனக்கு உங்களை மாதிரி எழுத வராது, பேசற மாதிரிதான் வரும். திட்டாதீங்க.

அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கத்தான் ஒன்பது வருஷம் ஆச்சு.

இப்ப ஸ்கேனர். தானா இழுத்துக்கறது வேண்டவே வேண்டாம். ஆபீஸ் காகிதக் கட்டுக்கு அது நல்லது. பழைய போட்டோவைக் குடுத்தா உருளை கீறிடும், ஓரம் பிஞ்சிருந்தா இன்னும் கிழிச்சிடும். பத்திரத்துல ஒரு பின் இருந்தாப் போச்சு. கண்ணாடிமேல வைக்கறதை வாங்குங்க. படத்தோட துல்லியம், காகிதத்துக்கு முந்நூறு டிபிஐ போதும், போட்டோவுக்கு அறுநூறு. கண்ணாடியைத் துடைக்கத்தான் உங்ககிட்ட நல்ல மல்துணி இருக்குமே.

மூடியில விளக்கு வெச்சதுதான் ஃபிலிமுக்கு. அது உங்களுக்கு எதுக்கு? ஒவ்வொரு துண்டா சட்டத்துல மாட்டணும், தூசி தட்டணும், ஒரு படத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். உடம்புதான் கெடும். ஃபிலிம் அத்தனையையும் எனக்கு அனுப்பிடுங்க. இங்க பெரிய மெஷின் இருக்கு. நானே பண்ணித் தர்றேன்.

உங்க
வாயாடி நாத்தனார்

*

மார்ச் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் கண்டேன். 'தாங்கள்' என்பதைக் கைவிட்டேன். பூனை நிரபராதி என்பது எனக்கு அன்றே தெரியும்.

மூடியில் விளக்குள்ள ஸ்கேனரையே வாங்கிவிட்டேன். 'அது உங்களுக்கு எதுக்கு' என்று நீ எழுதிய வரியை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அது எனக்கு அந்தப் பழைய கூடத்துக் குரலிலேயே கேட்டது. நீ அவ்வாறு எண்ணி எழுதியிருக்க மாட்டாய். ஆயினும், முப்பது ஆண்டுகளாகப் பட்டுத் துணியில் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்ட கைக்கு, ஒரு நெகட்டிவைச் சட்டத்தில் மாட்ட வராது என்பதை நான் ஏற்பதற்கில்லை.

கடைக்காரர் முதல் வகையைத் தலையில் கட்டப் பார்த்தார். "ஃபிலிமெல்லாம் இப்ப யாரும்மா வெச்சிருக்காங்க? இதை எடுத்துக்குங்க, போட்டா சும்மா சர்ருனு இழுத்துக்கும்" என்றார். கைப்பையில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டி, "இது உள்ளே போய்க் கிழிஞ்சு வந்தா, மறுபடி எடுக்கறதுக்கு மாப்பிள்ளையா நீங்க வந்து நிப்பீங்களா?" என்றேன். அதன் பிறகு மரியாதையாகப் பேசினார். மூன்றாவது வகையில் அதே படத்தை வைத்துக் காட்டச் சொன்னேன். என் புடவைக் கரையில் இருந்த ஒவ்வொரு நூலும் திரையில் தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

காகிதங்களை முடித்துவிட்டேன். புகைப்படங்களில் நானூறு ஆயிற்று. ஓரத்தில் பூஞ்சை பிடித்தவற்றை முதலில் எடுக்கிறேன். வரும் வாரம் நெகட்டிவ்களைத் தொடங்குவேன்.

என்றும் அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 9

அண்ணி,

அவசரமா எழுதறேன். எல்லாத்தையும் நீங்களே பண்ணுங்க, தாராளமா. உங்களால முடியாதுன்னு நான் நினைக்கவே இல்லை, சத்தியமா. ஒண்ணே ஒண்ணு. நீல டப்பாவுல இருக்கற நாலு சுருளை மட்டும் கடைசிக்கு வெச்சுக்குங்க. மாசக் கடைசியில லீவு போட்டுட்டு நான் வர்றேன். நீங்க வாசப்படி ஏற விட்டா ரெண்டு பேரும் உக்காந்து பார்க்கலாம். அதுக்குள்ள திறக்காதீங்க. ப்ளீஸ்.

உங்க நாத்தனார்

*

மார்ச் 24

என் அன்பு நாத்தனாருக்கு,

பதினைந்து நாள் மௌனமாக இருந்ததற்கு மன்னிக்கவும். இம்முறை காரணம் சொல்கிறேன்.

அப்படி ஒரு நீல டப்பா இவ்வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒன்பது ஆண்டுகளாக இங்கே கால் வைக்காத உனக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய அலுவலகப் பையின் அடியில், மீட்டர் படிவங்களுக்குக் கீழே கண்டெடுத்தேன். மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதையே முதலில் ஸ்கேன் செய்தேன்.

முதல் படத்தில் உன் வீட்டுச் சமையலறை. நீ கரண்டியை நீட்டிக்கொண்டு சிரிக்கிறாய். இரண்டாவதில் அவர் உன் மேசைமேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுருள்களில் தேதி எழுதப்படவில்லை. எனக்குத் தேவையும் இல்லை. அவர் அணிந்த சட்டை ஒவ்வொன்றும் நான் தைத்தது. எந்தக் கழுத்துப்பட்டியை எந்த ஆண்டு தைத்தேன் என்று எனக்குத் தெரியும். ஐந்து சட்டை, நம் சண்டைக்குப் பிந்தைய ஐந்து ஆண்டு. ஆண்டுதோறும் "வெளியூர்ல மீட்டர் ஆய்வு இருக்கு, மூணு நாள் ஆகும்" என்று சொல்லிப் புறப்பட்டவர் உன்னிடம்தான் வந்திருக்கிறார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து வழியனுப்பியவள் நான்.

ஸ்கேனரைத் துணியால் மூடி நான்கு நாள் அதன் பக்கமே போகவில்லை. உன்மீது வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதினேன். ஐந்தாம் நாள் யோசித்தேன். பொய் சொன்னவர் அவர். மறைத்தவள் நீ. தன் தங்கையைப் பார்க்க ஒரு மனிதன் பொய் சொல்லித்தான் போகவேண்டும் என்ற நிலையை உண்டாக்கியவள் நான். தாளைக் கிழித்துப் போட்டேன்.

பின்னர் மீதிப் படங்களையும் எடுத்தேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. இவ்வீட்டில் காமிரா எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். தொடவிட மாட்டார். தொள்ளாயிரம் படங்களையும் புரட்டி எண்ணிப் பார்த்தேன். அவர் முகம் பதினொன்றில் இருக்கிறது. அதிலும் பாதி, கல்யாணத்தன்று வேறு யாரோ எடுத்தவை. உன்னிடம் மட்டும் அவர் காமிராவைக் கொடுத்திருக்கிறார். இந்த நான்கு சுருள்களில் எழுபத்திரண்டு படங்களில் அவர் இருக்கிறார். ஷேவ் செய்துகொண்டு, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு, உன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கோணங்கித்தனம் செய்துகொண்டு. அவருடைய நரை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று நான் மறந்திருந்தேன். இப்போது திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

காடி நெடி நான்காவது சுருளில்தான் அதிகம். ஓரங்கள் சுருங்கத் தொடங்கிவிட்டன. நீ வரும்வரை காத்திருந்தால் சில படங்கள் மிஞ்சியிருக்காது. ஆகையால், உன் சொல்லை மீறியதற்கு நான் வருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. அஞ்சலில் அனுப்ப மாட்டேன், வந்து வாங்கிக்கொள். உன் படுக்கையைக் கூடத்திலேயே விரிக்கிறேன்.

ஒரு விவரம் மட்டும் தேவைப்படுகிறது. நான்காவது சுருளின் கடைசிப் படத்தில், பழுப்புக் கோடு போட்ட சட்டையுடன் உன் வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். வாய் பாதி திறந்திருக்கிறது. படம் எடுக்கும் உன்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன சொன்னார்? சாதாரணமான வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை. நீ வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதுவரை என்னால் பொறுக்க முடியாது. இக்கடிதம் கண்டவுடன் பதில் எழுதவும்.

உன்
அண்ணி