ஈரச் சாக்கு

செவ்வாய். விடாத மழை.

காலையில் அண்ணன் போன் செய்தான். "ஏளா, கஞ்சாக்காரனுக்கு வக்காலத்து போட்டுருக்கியாமே. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எந்த மூஞ்சியோட வருவ?"

"இதே மூஞ்சியோடதான்" என்று வைத்துவிட்டேன்.

படகு ஓட்டும் சேவியர் நிரபராதி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். படகில் எடுத்த கஞ்சா இருபது கிலோ இருநூறு கிராம் என்கிறது போலீஸ் எழுதிய பறிமுதல் மகஜர். இருபதைத் தாண்டினால் ஜாமீன் குதிரைக்கொம்பு. குற்றம் உறுதியானால் பத்து வருடத்துக்குக் குறையாது. மூன்று முறை படித்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மத்தியானம் அவன் மனைவி ரோஸ்லினுக்கு அதை வாசித்துக் காட்டினேன். மீன் ஏலக்கூடத்தில் வியாபாரம் செய்பவள். 'நனைந்த சாக்குடன் எடை போடப்பட்டது' என்ற வரியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சாக்குக்குக் கழிக்கலியா வக்கீலம்மா? நாங்க மீனுக்கே கூடையக் கழிச்சிட்டுல்லா நிறுப்போம்!"

இருபத்தைந்து வருடம் கறுப்புக் கோட்டு போட்ட எனக்கு அது தோன்றவில்லை.

ஜாமீன் மனுவில் அவள் கேள்வியையே முதல் வாதமாக எழுதிவிட்டேன். அவன் கடத்தினானா என்பதை விசாரணை சொல்லட்டும். சாக்கு குடித்த தண்ணீருக்காக ஒருவனைப் பத்து வருடம் உள்ளே வைக்க விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையில்தான் உட்காருவேன். அண்ணன் வேண்டுமானால் பின்னால் போய் உட்காரட்டும்.