தெரியாதவர்கள் பதினொரு பேர்

1927 ஏப்ரல் 4, திங்கள். ஈப்போ.
பாடத்திட்டம் முடிந்தது. நீராவி, வெப்பம், அழுத்தம், பதினாறு சூத்திரங்கள். அழகு! தோட்டத்து ரப்பர் ஆலை ஆட்களுக்கு எங்கள் தொழிற்கல்லூரி நடத்தப்போகும் முதல் இன்ஜின் வகுப்பு. மாதக் கடைசிக்குள் திட்டம் தேறினால் நான் ஆசிரியன். தேறாவிட்டால் மறுபடி தைப்பிங் அலுவலகம் — மழையைப் பார்த்துக்கொண்டு வரைபடங்களை நகலெடுக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 5
முதல்வர் ஆம்புரோஸ் திருப்பி அனுப்பிவிட்டார். மேலே சிவப்பு மையில் ஒரே சொல்: "யாருக்கு?" போய் நின்றேன்.
"படிக்கப்போறவனைப் பாத்திருக்கியா சதாசிவம்? ஆறு மணிக்கு ஈப்போவுல வகுப்பாம். செமோர் தோட்டத்துலேருந்து பறந்தா வருவான்?"
ஒரு படிவம் கொடுத்தார். மாணவருக்கு என்ன தெரியும், எங்கே, எப்போது, ஆசிரியருக்கு என்ன தெரியும். கடைசிக் கட்டத்தை அங்கேயே நிரப்பினேன்: "எல்லாம்."

ஏப்ரல் 9. செமோர்.
தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி, பேரேடும் கையுமாக, பதினொரு ஆலை ஆட்களை வரிசையில் நிறுத்தினார். நான் நோட்டுப் புத்தகத்தை விரித்தேன். "இன்ஜின் பத்தி என்ன தெரியும்?"
"ஒண்ணும் தெரியாதுங்க." பதினொரு பேரும்.
மாயாண்டி என்பவனுக்கு முழங்கை வரை மசகு. ஆறு வருஷமாக இன்ஜின் கொட்டகையில் வேலை.
"அங்க என்னதான் செய்றே?"
"சும்மா நிக்கிறேங்க."
படிவத்தில் "பூஜ்யம்" என்று எழுதினேன்.

ஏப்ரல் 10
திருகாணி என்றால் என்ன — நாலு பக்கம் எழுதியாயிற்று. சூத்திரங்களை என்ன செய்ய?

ஏப்ரல் 16
எழுதவே வெட்கமாக இருக்கிறது. வகுப்புக்கு இடம் பார்க்க ஆலைக்குப் போனேன். போன நேரம் இன்ஜின் நின்றது. "படிச்சவரு வந்திருக்கீங்க, பாருங்களேன்" என்று கிராணி நழுவிவிட்டார். கோட்டைக் கழற்றினேன். எண்ணெய் தெளிக்கும் மூக்கைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். மறுபடி கழற்றினேன். இரண்டு மணி நேரம்! ரப்பர் பிழியும் உருளைகளை விட்டுவிட்டுப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.
"முடிஞ்சுதா சார்?" என்றான் மாயாண்டி. இரண்டு விரலை நீட்டி எண்ணெய்க் குழாயின் திருகைத் திறந்தான். மூடியே இருந்திருக்கிறது! விளக்கைப் பற்றவைத்து இன்ஜின் தலையைச் சூடாக்கி, சக்கரத்தை ஒரு தள்ளு. டப், டப், டப்.
"ஒண்ணும் தெரியாதுன்னியே!"
"தெரியாதுங்க."
"யாருய்யா மூடினது?"
எல்லாரும் ஒன்றாகக் கூரையைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 17
ஈஸ்டர். சிவப்பு மைக்கும் விடுமுறை. நல்லது.

ஏப்ரல் 18
கிராணி இல்லாமல், நோட்டும் இல்லாமல் போனேன். செமோர் கோப்பிக் கடையில் மாயாண்டியைப் பிடித்தேன். கோப்பி வந்ததும் சார் போய் மச்சான் வந்தது.
"கிராணி முன்னால தெரியும்னு சொல்வாங்களா மச்சான்? போன வருஷம் உடையப்பன் தெரியும்னு கை தூக்கினான். மறுநாளே வேற தோட்டத்து இன்ஜினுக்கு அனுப்பிட்டாங்க. பொண்டாட்டி பிள்ளை இன்னும் இங்கதான் கிடக்கு. நோட்டோட வர்றவன் கேட்டா, தெரியாதுதான் லா."
அட மடையா சதாசிவம்! அளக்கப் போய் அளவுகோலை நீயேதான் வளைத்திருக்கிறாய்.

ஏப்ரல் 28
புதுத் திட்டம் கொடுத்தேன். இடம்: ஆலை. நேரம்: உருளை கழுவி முடிந்த பிறகு, நாலு மணி. யாருக்கு என்ன தெரியும் என்ற விவரம் தோட்ட நிர்வாகத்துக்குப் போகாது. கற்பிக்கும் முறை: ஆசிரியர் தவறு செய்வார், மாணவர் திருத்துவர்.
"இதெல்லாம் ஒரு முறையா?" என்றார் ஆம்புரோஸ்.
"எனக்கு நல்லா வருது சார்."
சிரிக்காமலே கையெழுத்துப் போட்டார். கடைசிக் கட்டத்தில் "எல்லாம்" என்பதை மட்டும் சிவப்பு மையில் அடித்தார்.

மே 2
முதல் வகுப்பு. முன்கூட்டியே போய்த் திருகை நானே மூடி வைத்தேன். "ஓடலை. ஏன்னு தெரியலை" என்று இன்ஜின் மூக்கின்மேல் திருகுசாவியை வைத்தேன். பதினொரு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.
"ஐயோ, மறுபடியும் அதைக் கழட்டாதீங்க லா!"
குரலோடு கூடவே பின்னாலிருந்து ஒரு வளையல் கை நீண்டு திருகைத் திறந்தது. உருளையில் வேலை பார்க்கும் செல்லாயி. ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.
"அன்னைக்கு மூடினதும் நீதானா?"
"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்று எண்ணெய் விரலை முந்தானையில் துடைத்தாள்.
பட்டியலில் பதினொன்றுக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். கோட்டை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.