பதினாறாவது கோலில் ஒரு கிணறு

அண்ணா,

உன் கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து, உன் மருமகள் மந்தாரக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் வந்தாள். ஒரு கோணிப்பையை என் வாசலில் இறக்கி வைத்தாள். "சாவறதுக்கு முன்ன மாமா இத்த அத்தைகிட்ட குடுத்துடு, குடுத்துடுன்னு சொல்லிக்கினே இருந்தாருங்க" என்றாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. துருவும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த நாற்றமே சொல்லிவிட்டது. ஒரு காலத்தில் உன் சட்டையில், உன் தோளில், நீ சாப்பிட்டு வைத்த தட்டில்கூட அதுதான் நாறும். பையைக் காலால் தள்ளிக் கோழிக்கூண்டுப் பக்கம் ஒதுக்கினேன்.

நீ உயிரோடு இருக்கும்போதே உன் முகத்துக்கு நேராகத் திட்டியவள் நான். இன்னும் மிச்சம் இருக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நம் ஊரில் எல்லாமே கோல் கணக்குதானே. அப்பாவின் பன்னிரண்டடி மூங்கிலை இரண்டு தரம் போட்டால் ஒரு கோல். அதைத் தாண்டி வேறு அளவு எங்களுக்குத் தெரியாது. நீ ஒருத்தன்தான் தாலுகா சர்வேயர் வரும்போதெல்லாம் அவருக்கு நிலம் அளக்கிற சங்கிலி பிடித்தவன். "ஒரு சங்கிலின்னா நூறு கண்ணி, அறுபத்தாறு அடி" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே ஒப்பிப்பாய். அதற்கு ஒரு மரியாதை வேறு உனக்கு.

நிலக்கரிக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று ஊர் கிடுகிடுத்த சமயம் அது. தெற்கு எல்லைக் கல்லிலிருந்து வடக்கே அஞ்சு சங்கிலி வரை எடுப்பதாகத் தண்டோரா போட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் உன்னிடம்தான் ஓடி வந்தார். நீ குந்தி, மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டாய்.

"அஞ்சு அறுபத்தாறு முந்நூத்தி முப்பது அடி. நம்ம கோல்ல பதினாலுக்குக் கொஞ்சம் கம்மி. அவ்ளோதான் மாப்ள."

"நெசமாவா மச்சான்?"

"நான் புடிக்காத சங்கிலியா? இதுக்கு அப்பால ஒரு புடி மண்ணக்கூட எவனும் தொடமாட்டான்" என்று சொல்லி, பதினாலாவது கோலில் ஒரு பூவரசங்கொம்பை ஊன்றினாய்.

கொம்புக்கு வடக்கே எங்களுக்கு மிஞ்சியது ஒரு துண்டுக் கொல்லை. செம்மண். வானம் பார்த்து மல்லாட்டைக் கடலை போட்டால் வயிறு நிறையாது. ஒரு கிணறு இருந்தால் நாங்கள் எங்கள் நிலத்தில் நிற்போம், இல்லாவிட்டால் அடுத்தவன் கொல்லையில் கூலிக்குக் குனிய வேண்டியதுதான். அவ்வளவுதான் எங்கள் முன்னால் இருந்தது. அதனால் தோண்டினோம். உன் கொம்புக்கு இரண்டு கோல் தள்ளி, பதினாறாவது கோலில். அவர் கடப்பாரை போட, நான் கூடையில் மண் சுமந்தேன். பெரியவன் அப்போது வயிற்றில். குனிந்து நிமிரும்போதெல்லாம் கண் இருட்டும்.

நாங்கள் கடப்பாரை எடுக்கும் முன்பே உனக்கு நிலக்கரிப் பிராஜெக்டில் வேலை கிடைத்துவிட்டது. அங்கேயும் சங்கிலி பிடிக்கிற வேலைதான். சாயங்காலம் சங்கிலிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் குழி வழியாகத்தான் போவாய். குனிந்து பார்ப்பாய். சங்கிலியைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விடுவாய்.

தண்ணீர் கண்ட அன்றைக்கும் வந்தாய். "இத்தக் கொஞ்சம் புடி பாப்பா" என்று சங்கிலிக் கட்டை என் கையில் கொடுத்தாய். கண்ணி கண்ணியாக மடித்துக் கட்டிய கம்பிகள், முழங்கையிலிருந்து என் மணிக்கட்டைத் தாண்டிக் கிடந்தன. முதல் செம்பு நீதான் குடித்தாய். கலங்கல் தண்ணீர்தான், ஆனாலும் வாயைத் துடைத்துக்கொண்டு, "தித்திப்பா இருக்குது பாப்பா" என்றாய். மாசமாக இருந்தவள் உன் சங்கிலியைச் சுமந்துகொண்டு நிற்க, நீ குடித்தாய்.

அடுத்த வாரம் ஓவர்சியரும் ஆட்களும் அளந்துகொண்டு வந்தார்கள். முன்னால் கைப்பிடியை இழுத்துக்கொண்டு நீ. நாலாவது சங்கிலியிலேயே கிணறு பின்னால் போய்விட்டது. இன்னும் ஒரு சங்கிலி பாக்கி.

"ஐயா, அளவு தப்பா இருக்குதுங்களே. அஞ்சு சங்கிலின்னா பதினாலு கோலுகூட வராதுங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது ரெவின்யூ சங்கிலிப்பா, அறுபத்தாறு அடி. இது நூறு அடிச் சங்கிலி. கண்ணி நூறுதான், ஒரு கண்ணி ஒரு அடி" என்றார் ஓவர்சியர். அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "யாரு உங்களுக்கு அறுபத்தாறுன்னு சொன்னது?"

என் வீட்டுக்காரர் உன்னைப் பார்த்தார். நீ முளைக்குச்சியைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாய். ஏற்கெனவே இறங்கிவிட்ட குச்சியை மறுபடி மறுபடி அடித்தாய்.

தெரியாமல் சொல்லிவிட்டான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. நாங்கள் வடக்குத்து ஊர்ப் பக்கம் வந்து குடிசை போட்டு, நான் அடுத்தவன் கொல்லையில் குனிந்தேன். நீ பர்மனெண்ட் ஆனாய். குவார்ட்டர்ஸ் வந்தது. அடி போய் மீட்டர் வந்தபோது உன்னைப் பிடிக்க முடியவில்லை. கதவு எத்தனை மீட்டர், கட்டில் எத்தனை மீட்டர், பந்தியில் உட்கார்ந்தால் வாழையிலை எத்தனை சென்டிமீட்டர். எதை எதாக மாற்றவும் உனக்கு வாய் இருந்தது.

உன் பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு வந்திருந்தேன். சமையல்கட்டில் நான் அப்பளம் பொரிக்க, கூடத்தில் நீ உன் ஷிப்ட்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தாய்.

"எனுக்கா தெரியாது? மொத நாளு ஸ்டோர்ல கையில வாங்குனப்பவே தெரிஞ்சிட்டுது, இது வேற சங்கிலின்னு!"

கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். "மொத நாளேவா அண்ணா? அப்ப நாங்க கடப்பாரையே தூக்கலியே!" என்றேன். நீ திருப்பிக் கேட்டாய்.

"சொல்லியிருந்தா மட்டும் இன்னா, கெணத்தத் தூக்கிக்கினு போயிருப்பியா?"

"தோண்டியே இருக்க மாட்டேன்டா."

அப்போதுதான் குரலைத் தாழ்த்தினாய். "ஆபீஸ் அளவ ஊருல போய் சொன்னேன்னு என்ன நிறுத்திட்டா? வேலயில சேந்த புதுசு பாப்பா." அதைச் சொல்லிவிட்டு, எண்ணெய் காய்கிறது பார் என்றாய். எண்ணெய்! அன்றிலிருந்து உன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கடைசிவரை நம்பவில்லை. "உங்க அண்ணன் பெருமைக்கு அடிச்சி உடறான். பின்னால தெரிஞ்சத மொதல்லயே தெரிஞ்சதா சொல்றான். நூறு கண்ணி, நூறு கண்ணி, ரெண்டும் ஒண்ணுபோலதானே இருந்திருக்கும்" என்பார். அவர் அப்படியே போய்ச் சேர்ந்தார். எனக்கும் ஒரு ஓரத்தில், மனுஷர் சொல்வது சரியாக இருக்குமோ என்று இருந்தது. நீ எதற்கும் பீற்றுகிறவன்தானே. அந்த ஓரத்தை வைத்துக்கொண்டுதான் உன் முகத்தில் முழித்தேன்.

நேற்று மழை வரும்போல் இருந்தது. பை நனைந்தால் நாற்றம் கூடுமே என்று அவிழ்த்தேன். உள்ளே இருந்தது பிராஜெக்ட் சங்கிலி இல்லை. அப்பா காலத்துத் தாலுகா சர்வேயர் உன்னிடம் விட்டுப்போன பழைய அறுபத்தாறடி. அந்த அளவில் கிணறு என்னுடையதுதான் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாயோ? த்தூ. கிணறு இருந்த இடத்தில் சுரங்கம் இறங்கி எவ்வளவு காலம் ஆகிறது.

இந்தச் சங்கிலியை நான் அதுவரை தொட்டதில்லை. கட்டைக் கையில் தூக்கினேன். கண்ணிக் கம்பிகள் என் சாணுக்குள் அடங்கிவிட்டன. அன்றைக்கு நீ தண்ணீர் குடிக்கும்போது நான் சுமந்தது முழங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிக் கிடந்தது. சாணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிய கணக்கு வேண்டாம், கண்கூட வேண்டாம். குருடன் மடியில் வைத்தாலும் சொல்லிவிடுவான்.

நீ பீற்றவில்லை அண்ணா. மஞ்சள் நீராட்டு அன்றைக்கு ஒருநாள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய், முதல் நாளே உன் கைக்குத் தெரிந்திருக்கிறது.

உன் மருமகள் போன் பண்ணி, "எடைக்குப் போட்டுடலாமா அத்தை?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கோழிக்கூண்டின் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது, அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். தினம் காலையில் அவிழ்க்கும்போது என் சாண் அதன்மேல் படும். பிறகு கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொள்வேன்.